லோடுடன் போகிறவருக்கு ஒரு சீட்டு

தேன்கனிக்கோட்டைத் தாலுகாவில் யானை என்றால் இரண்டு வகை. ராகி முற்றும் காலத்தில் காட்டிலிருந்து இறங்கி வருவது ஒன்று. நடு ராத்திரிக்கு மேல் ஊர் முனையில் ஹாரன் அடித்துத் தக்காளிப் பெட்டி ஏற்ற வரும் 'குட்டி யானை' மற்றொன்று. முதல் யானை மிதித்த கொல்லைக்கு நஷ்டஈடு கேட்டு எழுத நம் விவசாயிகள் பழகிவிட்டார்கள். வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், கிராம நிர்வாக அதிகாரியை அழைத்துக் காட்ட வேண்டும், மிதிபட்ட பயிரைப் படம் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் சிறு பிள்ளைக்கும் தெரியும். இரண்டாவது யானை கவிழ்ந்தால் என்ன எழுதுவது, யாரிடம் எழுதுவது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆள் போகிற அபாயம் அதிலும் உண்டு.

நம் பக்கத்து வழக்கம் இதுதான். கெலமங்கலம், தளி, அஞ்செட்டி வட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தக்காளியோ பீன்ஸோ முட்டைக்கோஸோ போட்டவர் தனியாக வண்டி பிடித்தால் கட்டாது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடிக்கிறார்கள். பெட்டிக்கு இவ்வளவு என்று வாடகை. ராயக்கோட்டை மண்டிக்கோ, ஓசூருக்கோ, விலை கூடுதலாக இருந்தால் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு கலாசிப்பாளையத்துக்கோ சரக்கு போகிறது. டிரைவர் பக்கத்தில் ஒருவர், பெட்டிகளின் மேல் நாலு பேர், பின்கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். தார்ப்பாய் மேலேயே படுத்துத் தூங்குகிறவர்களும் உண்டு.

2025 ஜனவரி 22 அன்று விடியற்காலையில் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர் அருகே, ஒரு காய்கறி லாரி பள்ளத்தில் உருண்டது. சவனூரிலிருந்து கும்டா சந்தைக்குக் காய்கறி, பழம் கொண்டுபோன சிறு வியாபாரிகள் 25க்கும் மேற்பட்டோர் லோடின் மேலேயே உட்கார்ந்து போனார்கள். எதிரே வந்த வண்டிக்கு வழி விடப்போய் லாரி ஒதுங்கியதாகச் செய்தி. 10 பேர் இறந்தார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. படித்தபோது எனக்கு நம் அஞ்செட்டி சாலையின் வளைவுகள்தான் கண் முன் வந்தன.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவர் மற்றவர்களைப் போல மேலே ஏறவில்லை. டிரைவர் பக்கத்தில் கேபினில்தான் இருந்தார். பின்னால் அவருடைய பீன்ஸ் மூட்டைகள் 14. வண்டி தனியாகவே சறுக்கிக் கவிழ்ந்தது. இடுப்பு எலும்பு முறிந்து, பேச்சில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். போலீசில் தகவல் கொடுத்தவர் அந்த வழியே வந்த ஒரு கடைக்காரர். அவர் நல்ல மனிதர், பார்த்ததைச் சொன்னார். 'லாரியில் ஏறி வந்த ஒருவருக்கு அடி' என்று அறிக்கையில் பதிவாகிவிட்டது. மூட்டைகள் ரோட்டில் சிதறிக் கிடந்தன. அவை யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை, யாரும் எழுதவும் இல்லை.

நஷ்டஈட்டு வழக்கில் இன்ஷூரன்ஸ் தரப்பு அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டது. இவர் சரக்குக்காரர் இல்லை, ஓசியில் ஏறியவர் என்றார்கள். நண்பர் மண்டிக்கு ஓடினார். மண்டிக்காரர் மறுப்புச் சொல்லாமல் கணக்கு நோட்டைக் காட்டினார். முந்தின வாரம் முழுதும் இவர் பெயரில் சரக்கு வந்திருந்தது. விபத்து நடந்த நாளில் மட்டும் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? சரக்கு மண்டிக்குப் போய்ச் சேரவே இல்லையே!

கோளாறு இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நம் கையில் சரக்குக்கு ஏதாவது காகிதம் கிடைக்கிறது என்றால் அது மண்டியில் இறக்கிய பிறகு கிடைக்கிற சீட்டு. விபத்து நடப்பதோ அதற்கு முன்னால். ஏற்றும் இடத்தில் எழுதாத வரைக்கும், வழியில் கவிழ்ந்த வண்டியில் நம் சரக்கு இருந்தது என்பதற்கு நம் வாய்ச் சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இந்த ஒரு விஷயத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்கலாம். சட்டம் அப்படி இருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவு, லாரிக்குக் கட்டாயமாக எடுக்க வேண்டிய பாலிசி யாரையெல்லாம் காக்க வேண்டும் என்று சொல்கிறது. 1994இல் அந்தப் பிரிவைத் திருத்தி, வண்டியில் போகும் 'சரக்கின் உரிமையாளர் அல்லது அவரது அதிகாரம் பெற்ற பிரதிநிதி' என்ற சொற்களைச் சேர்த்தார்கள். அந்தத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் நிறைய வழக்குகள் நடந்தன. 1999இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், சரக்கு லாரியில் ஏறிய எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு என்கிற மாதிரி சொன்னது. 2002இல் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, சரக்கு லாரியில் இலவசமாக ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்றார்கள். 2019இல் செய்த திருத்தத்தில் அதுவே சட்டத்தின் வாசகமாகவும் வந்துவிட்டது.

ஆகவே வண்டி தானாகக் கவிழ்ந்தாலோ, நாம் போன வண்டியின் டிரைவர் மேல் தப்பு என்றாலோ, முதல் கேள்வி 'நீ யார்' என்பதே. சரக்கின் சொந்தக்காரர் என்றால் ஒரு வழி. ஏறி வந்தவர் என்றால் வேறு வழி. இரண்டாவது வழியில், சில வழக்குகளில் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று கோர்ட்டு கருணை காட்டியிருக்கிறது. சில வழக்குகளில் அதுவும் இல்லை. அப்போது வண்டிக்காரரே கொடுக்க வேண்டும். குட்டி யானையைக் கடனில் வாங்கி ஓட்டுகிற நம் ஊர்ப் பையனிடம் லட்சக்கணக்கில் எங்கே இருக்கிறது?

எதிரே வந்த இன்னொரு வண்டியின் மேல் தப்பு என்றால் இந்தச் சிக்கல் குறைவு. அந்த வண்டியின் பாலிசிக்கு நாம் எல்லோருமே மூன்றாம் நபர்கள்தான். மேலே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லித் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்களே தவிர, அடியோடு தள்ளுவது கடினம். அதனால்தான் எந்த வண்டி எந்தப் பக்கத்தில் எப்படி நின்றது என்பதை, கிரேன் வந்து இழுப்பதற்கு முன் படம் பிடிக்கச் சொல்கிறார்கள். பெரிய ரோட்டில் கிரேன் சீக்கிரம் வந்துவிடும்.

இன்னும் ஒரு படி கடுமையான விஷயம் உண்டு. 2007இல் ஆந்திரத்திலிருந்து போன வழக்குகளில் உச்ச நீதிமன்றம், சரக்கின் உரிமையாளர் என்றால் கேபினில் பயணம் செய்பவர் மட்டுமே என்று சொல்லிவிட்டது. பெட்டி மேல் உட்கார்ந்தவர் உண்மையில் சொந்தக்காரராகவே இருந்தாலும் தகராறுதான். குட்டி யானையின் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். டிரைவரையும் சேர்த்து 2 பேர் என்று இருக்கும். சரக்குக்காரர் எட்டுப் பேர், சட்டம் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று! நாலு பேரின் சரக்கைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றும் ஏழைக் குடியானவனை நினைத்து இந்தச் சட்டம் எழுதப்படவில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் சட்டம் மாறும் வரை வண்டி நிற்காது. இன்றிரவும் ஹாரன் அடிப்பான்.

கூலிக்கு வரும் ஆட்கள் நிலைமை இதைவிட மோசம். வண்டிக்காரர் சம்பளம் கொடுக்கும் ஆள் என்றால் வண்டியின் பாலிசியில் அவருக்கு ஒரு வழி இருக்கிறது. நாம் மூட்டை இறக்கக் கூட்டிப்போகும் ஆளுக்கு அந்த வழி இல்லை என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. நம்முடைய ஆளை லோடு மேல் ஏற்றி அனுப்பினால், அவர் குடும்பத்துக்கு நாமே பதில் சொல்லும்படி ஆகும். இறக்குவதற்கு மண்டியில் ஆள் கிடைக்காமலா போகிறது?

நம் கையில் இருப்பது 'அதிகாரம் பெற்ற பிரதிநிதி' என்ற சொல். எட்டுப் பேரும் போக வேண்டியதில்லை. முறை வைத்து ஒருவர் போகட்டும், அவர் கேபினில் உட்காரட்டும். அவர் கையில் ஒரு சீட்டு இருக்கட்டும். பையில் வைத்த சீட்டு விபத்தில் தொலைந்து போகலாம். ஆகவே அதைப் படம் எடுத்து, ஏற்றிய எல்லோருடைய போனுக்கும் கிளம்பும்போதே அனுப்பிவிட வேண்டும். படத்துக்குத் தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். பிறகு உட்கார்ந்து எழுதியது என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. சீட்டில் பெரிய வாசகம் ஒன்றும் வேண்டாம். தேதி, வண்டி நம்பர், டிரைவர் பெயர், யார் யாருக்கு எத்தனை பெட்டி, எந்த மண்டிக்கு, வாடகை எவ்வளவு. கடைசியில் 'எங்கள் சரக்குக்குப் பிரதிநிதியாக இன்னார் வண்டியில் போகிறார்' என்று ஒரு வரி, ஏற்றியவர்களின் கையெழுத்து அல்லது ரேகை, டிரைவரின் கையெழுத்து.

அப்பாவின் நிலத்துச் சரக்கை மகன் கொண்டுபோகும்போது இந்தக் கடைசி வரி மிகவும் அவசியம். பட்டா அப்பா பெயரில். வண்டியில் போனது மகன். உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு மகனிடம் பதில் இல்லாமல் போய்விடும். மனைவி போனாலும் இதே கதைதான்.

சீட்டு எழுத வேண்டும் என்றால், 'ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு எழுதுவதா' என்று சிரிக்கிறார்கள். பெட்டி எண்ணிக்கையை எப்படியும் டிரைவர் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறான், வாடகை வாங்க வேண்டுமே! அந்த நோட்டையே இரண்டு பிரதியாக எழுதினால் முடிந்தது.

விவசாயிகள் எதற்காக லோடு மேல் ஏறி உட்கார்ந்து போகிறார்கள் என்பதையும் மண்டிக்காரர்கள் யோசிக்க வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை. எடை எப்படிப் போட்டார்கள், எந்த விலைக்கு ஏலம் போனது, கழிவு என்று எத்தனை பெட்டி தள்ளினார்கள், காலிப் பெட்டி திரும்பி வருமா என்ற சந்தேகத்தில்தான் போகிறார்கள். அன்றைய எடையையும் விலையையும் மண்டிக்காரர் அன்றைக்கே போனில் எழுத்தாக அனுப்பி வைத்தால் பாதிப் பேர் வீட்டில் தூங்குவார்கள். தரகு வாங்குகிறவர்கள் இதைச் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.

விபத்து நடந்துவிட்டால் முதலில் உயிர், காகிதம் பிறகுதான். 108க்குச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையாக இருந்தால் 1033க்கும் சொல்லலாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் பணம் கட்ட வேண்டாம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. எல்லை தாண்டி விபத்து என்றால், 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ரூ. 1,50,000 வரை 7 நாட்களுக்குச் சிகிச்சை உண்டு. ஆஸ்பத்திரியில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் தானாகச் சொல்லமாட்டார்கள்.

சிகிச்சைக்காக ஓடியதில் போலீசில் புகார் தர ஒரு நாள், இரண்டு நாள் தாமதமானால் வழக்கே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். தாமதம் ஒன்றை மட்டும் காரணம் காட்டி நஷ்டஈட்டை மறுக்கக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பொய்க் கேஸ்கள் பெருகிவிட்டபடியால், நாள் கழித்து வரும் புகாரைக் கம்பெனிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன.

புகாரை நினைவில் இருந்து எழுதாமல், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வண்டி நம்பர், இடம், நேரம் எல்லோரும் எழுதுவார்கள். அதோடு, அடிபட்டவர் 'தம்முடைய இத்தனை பெட்டி தக்காளியுடன், அதன் உரிமையாளராக, வாடகை பேசி, கேபினில் உட்கார்ந்து போனார்' என்பதையும் எழுத வேண்டும். இதில் ஒவ்வொரு சொல்லும் பின்னால் கேட்கப்படும். உண்மை அப்படி இல்லை என்றால் எழுதக் கூடாது. மேலே உட்கார்ந்தவரைக் கேபினில் உட்கார்ந்ததாக எழுதிவிட்டு, டிரைவரும் மற்றவர்களும் வேறு மாதிரி சொன்னால், இருக்கிற வழக்கும் கெட்டுப்போகும்.

ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று எழுதுவார்கள். அழைத்து வந்தவர் சொல்வதைக் கேட்டு இரண்டு வரி. 'லாரியில் இருந்து விழுந்தார்' என்று அழைத்து வந்த யாரோ சொன்னால் அப்படியே பதிவாகும். போலீஸ் அறிக்கையில் ஒன்று, ஆஸ்பத்திரிப் பதிவில் வேறொன்று என்று இருந்தால் எதிர்த் தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். கூடப் போகிறவர் யாராக இருந்தாலும் டாக்டரிடம் வண்டி நம்பரும் சரக்கு விஷயமும் சேர்த்துச் சொல்லட்டும். அந்தப் பதிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

நம் தாலுகாவுக்கே உரிய தொல்லை எல்லைக்கோடு. அத்திப்பள்ளியிலோ ஆனேக்கல் பக்கத்திலோ வண்டி கவிழ்ந்தால் அறிக்கையைக் கன்னடத்தில் எழுதுவார்கள். தளிப் பக்கத்தில் கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசுகிறவர்கள் பலர். ஆனால் பேசத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். படிக்கத் தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, ஆறு மாதம் கழித்து வக்கீல் சொல்லித்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள். எழுதிய தகவலைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில், அதாவது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், 173ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 'படித்துக் காட்டுங்கள் ஐயா' என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். அதே பிரிவின்படி, விபத்து எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே ஊருக்குத் திரும்பிவிட்டவர் தேன்கனிக்கோட்டை ஸ்டேஷனிலேயே தமிழில் எழுதிக் கொடுக்க முடியும்.

பெயரையும் பாருங்கள். ரேஷன் கார்டில் முனியப்பன், கன்னட அறிக்கையில் முனியப்பா, பெங்களூரு ஆஸ்பத்திரியின் இங்கிலீஷ் சீட்டில் வேறு ஏதோ. தகப்பனார் பெயரின் முதல் எழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்கத் தனியாகச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும். தலையில் அடி என்றால் நம் ஆட்களைப் பெங்களூரு நிமான்ஸுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். அந்த அவசரத்திலும் ஆதார் அட்டையின் படம் ஒன்று போனில் இருந்தால் அதைப் பார்த்து எழுதச் சொல்லலாம்.

வழக்குக்காகக் கர்நாடகத்துக்கு அலைய வேண்டும் என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. 166ஆம் பிரிவின்படி, விபத்து எங்கே நடந்தாலும், மனுதாரர் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வழக்கு நடக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. ஆனாலும் அதை நம்பி நாள் கடத்துவது புத்திசாலித்தனம் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் வந்து வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிற தரகர்களிடம் போக வேண்டாம். 'ஐயாயிரம் தருகிறேன், கேஸ் வேண்டாம்' என்று வண்டிக்காரர் நீட்டும் காகிதத்திலும் அடி எவ்வளவு என்று தெரியும் முன்னால் கையெழுத்துப் போடக் கூடாது.

அதே 2022 ஏப்ரல் முதல் போலீசாருக்கும் கெடு உண்டு. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விவரமான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர் வண்டியின் இன்ஷூரன்ஸ் விவரமும் அதில் வரும்.

தொகை எவ்வளவு என்று கணக்குப் போடும்போது விவசாயிக்கு இன்னொரு அநியாயம் நடக்கிறது. மாதச் சம்பளக்காரர் ஒரு சீட்டை நீட்டுகிறார், முடிந்தது. விவசாயி இறந்தால், 'நிலம் குடும்பத்திடம்தானே இருக்கிறது, வருமானம் எங்கே போயிற்று' என்று கேட்கிறார்கள். நிலம் இருந்தாலும் அதைப் பார்த்து நடத்தியவரின் உழைப்பும் மேற்பார்வையும் போனதற்குத்தான் நஷ்டஈடு என்பது கோர்ட்டுகள் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே இவரே உழுதார், இவரே விற்றார் என்று காட்ட வேண்டும். மண்டிச் சீட்டு இங்கேயும் கைகொடுக்கிறது. பலர் விலையைப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கசக்கி எறிகிறார்கள். ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். பால் சங்கத்துப் பாஸ் புத்தகம், அடங்கல் நகல், உரக்கடை ரசீது எல்லாம் பயன்படும். வயதுச் சான்றும் முக்கியம். 2017இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, சொந்தத் தொழில் செய்து இறந்தவர் 40 வயதுக்குக் கீழே என்றால் வருமானத்தோடு 40 சதவீதமும், 40 முதல் 50 வரை 25 சதவீதமும், 50 முதல் 60 வரை 10 சதவீதமும் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். 'சுமார் 50' என்று யாரோ சொல்லி எழுதினால் குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம் பாருங்கள்.

சரக்கைப் பற்றிக் கொஞ்சம். வண்டியின் பாலிசி வண்டியில் ஏற்றிய சரக்குக்குப் பணம் தராது. பயிர் இன்ஷூரன்ஸும் லாரி ஏறிய தக்காளிக்குக் கிடையாது. எதிர் வண்டி மேல் தப்பு என்றால் மட்டும் சரக்கின் நஷ்டத்தையும் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அதற்கு எத்தனை பெட்டி என்பதும் அன்றைய விலை என்ன என்பதும் வேண்டும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாய்க்கு மேல் விற்ற அதே தக்காளியை, விலை விழும் காலத்தில் ரோட்டோரம் கொட்டுகிறோம். உழவர் சந்தை விலைப் பலகையை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். போலீசார் இடத்தைப் பார்த்து மகஜர் எழுதும்போது சிதறிய பெட்டிகளின் எண்ணிக்கையையும் சேர்க்கச் சொல்லுங்கள். சரக்கு ரசீது போட்டு ஏற்றும் பெரிய லாரி ஆபீஸ் மூலம் அனுப்பினால், 2007ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி அவர்களிடம் நஷ்டம் கேட்கலாம். பொதுவாக வாடகையைப் போல 10 மடங்கு வரைதான் கிடைக்கும். சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்களும் பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான். லேசான வாகனத்துக்கு லைசென்ஸ் வைத்திருந்து வாடகை வண்டி ஓட்டினால் பாலிசி செல்லாது என்று கம்பெனிகள் வெகுநாள் வாதாடின. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் அந்த லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பர்மிட்டில் மட்டும் கவனம் தேவை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம். தாண்டினால் வேண்டும். அது கர்நாடகத்துக்கும் செல்லும் பர்மிட்டாக இருக்க வேண்டும். பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டிக் கவிழ்ந்தால் கம்பெனி கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடமே வசூலிக்கும். ஏற்றுவதற்கு முன் வண்டியின் இன்ஷூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்பதை எம்-பரிவாஹன் என்ற அரசாங்கச் செயலியில் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் பெட்டி மேல்தான் போவார்கள் என்று எனக்குத் தெரியும். கேபினில் ஒருவருக்குத்தான் இடம். காலிப் பெட்டியை எண்ணி வாங்க இன்னொருவரும் போக வேண்டியிருக்கிறது. அப்படிப் போகிறவர்கள் வண்டியின் பாலிசியை நம்பாமல் தங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. பாங்கியில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்று 2015 முதல் ஒரு விபத்துக் காப்பீடு இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். கேபினில் இருந்தாரா, பெட்டி மேல் இருந்தாரா, சரக்கு யாருடையது என்று அங்கே கேட்பதில்லை. போலீஸ் அறிக்கையும் இறப்புச் சான்றும் பாங்கியில் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அட்டை உள்ளவர்களின் குடும்பத்தார் தாலுகா ஆபீசிலும் தனியாக மனுக் கொடுக்கலாம். பாங்கிப் பாலிசி ஜூன் 1 முதல் மே 31 வரை நடக்கும். பணத்தை மே மாதக் கடைசியில் பாங்கியே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். நம் பக்கத்தில் மே மாதம் கையில் காசு இல்லாத மாதம். அந்த வாரத்தில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் போனால் பாலிசி விட்டுப்போகும். பாங்கியில் பாஸ் புத்தகத்தைக் கொடுத்து, இந்த வருஷம் எடுத்திருக்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.